பாட்டு ஓடாதபோதும் ஸ்பீக்கர் முனகுவது ஏன்?

ராத்திரி வீடு அடங்கிய பிறகுதான் அது காதில் விழும். பாட்டை நிறுத்தியாயிற்று, ஆம்ப்ளிஃபையரை மட்டும் அணைக்கவில்லை. ஸ்பீக்கரிலிருந்து மெல்லியதாக ஒரு ‘உம்ம்ம்’. பகலெல்லாம் மின்விசிறிச் சத்தத்துக்கும் பேச்சுக்கும் அடியில் பதுங்கிக் கிடந்திருக்கிறது. ஒருமுறை கேட்டுவிட்டீர்களா, போச்சு. அதன் பிறகு பாட்டின் மெல்லிய இடங்களிலெல்லாம் காது அதைத்தான் தேடிப் போகும்.

இப்படி ஆனதும் பலரும் முதலில் செய்வது புது ஒயர் வாங்குவது. நானும் வாங்கினேன். விரல் பருமன், தங்க முலாம் பூசிய பிளக். சத்தம் இம்மியும் குறையவில்லை. கோளாறு அந்த ஒயரில் இல்லவே இல்லை. டிவிக்குள் போகிற கேபிள் இணைப்பில் இருந்தது. அதைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு மாதம் பிடித்தது. ஒழுங்காகத் தேடியிருந்தால் பத்து நிமிட வேலை.

வேண்டாத சத்தம் எதுவாக இருந்தாலும் அது ஏதோ ஒரு வாசல் வழியாகத்தான் உள்ளே நுழைகிறது. வாசல் எது என்று தெரிவதற்கு முன் எதையும் வாங்காதீர்கள். தேடுவதற்குக் காது, கை, கொஞ்சம் பொறுமை, இவ்வளவே போதும்.

முதலில், அது என்ன சத்தம்?

‘இரைச்சல் வருகிறது’ என்று மட்டும் சொன்னால் யாராலும் உதவ முடியாது. நல்லவேளையாகத் தமிழில் ஒலிக்குறிப்புச் சொற்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றைப் பயன்படுத்துங்கள்.

வண்டு மாதிரி ‘உம்ம்’ என்று விடாமல் ஒரே சுருதியில் ஒலிக்கிறதென்றால் அதன் பிறப்பிடம் மின்சாரம். வீட்டுக்கு வரும் மாறுதிசை மின்னோட்டம் நாட்டைப் பொறுத்து நொடிக்கு 50 அல்லது 60 முறை முன்னே போய்ப் பின்னே திரும்புகிறது. அந்தத் துடிப்பு எப்படியோ ஒலிப்பாதைக்குள் கசிந்துவிட்டது. கொஞ்சம் முரட்டுத்தனமாக, ‘ஜ்ர்ர்ர்’ என்று உறுமினால் அதில் 100 அல்லது 120 ஹெர்ட்ஸும் (நொடிக்கு அத்தனை அதிர்வு) அவற்றின் மடங்குகளும் கலந்திருக்கின்றன. கருவிக்குள் இருக்கும் பவர் சப்ளை மாறுதிசை மின்னோட்டத்தின் கீழ்ப்பாதி அலையையும் மேலே புரட்டிப் போடுகிறது; அதனால் 50 மேடுகள் 100 ஆகின்றன. இதை வைத்து ஒரு சின்ன சோதனை செய்யலாம். குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒலி எழுப்பும் செயலி ஒன்றைத் தொலைபேசியில் இறக்கி, ஹெட்போனில் 50, 100 இரண்டையும் மாற்றி மாற்றிக் கேட்டுப் பாருங்கள். உங்கள் ஸ்பீக்கர் எதைப் பாடுகிறது என்று ஓரளவு புரிந்துவிடும். பெரும்பாலும் நமக்குக் கேட்பது 50 அல்ல, அதன் மடங்குகள்தான். அவ்வளவு கீழான சுருதிக்கு நம் காது மந்தம். சின்ன ஸ்பீக்கர்களால் அதைச் சரியாக எழுப்பவும் முடியாது.

‘உஸ்ஸ்’ என்று காற்றுப் போல் வருவது வேறு சாதி. ‘கரகர’, ‘சடசட’ என்றால் எங்கோ தொடுப்பு சரியில்லை. எப்போதோ ஒரு ‘டப்’ என்றால் வீட்டில் வேறு ஏதோ கருவி ஓடத் தொடங்குகிறது அல்லது நிற்கிறது. கணினியில் மவுஸை நகர்த்தும்போதெல்லாம் ‘கீய்ய்’ என்று இழுத்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டுவிட்டது.

அடுத்தது, சத்தம் உண்மையிலேயே ஸ்பீக்கரிலிருந்துதான் வருகிறதா? சிரிக்காதீர்கள், அரை மணி நேரம் ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகிய பிறகு ஆம்ப்ளிஃபையர் பெட்டியே முனகுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் உண்டு. உள்ளே இருக்கும் ட்ரான்ஸ்ஃபார்மரின் இரும்புத் தகடுகள் காந்தப்புலம் ஏறி இறங்குவதற்கு ஏற்ப நூலிழை அளவு நீண்டு சுருங்குகின்றன. அதனால் பெட்டி அதிர்ந்து ஒலிக்கும். ஸ்பீக்கர் ஒயர்களைக் கழற்றிய பிறகும் கேட்டால் அது இயந்திர அதிர்வு. பெட்டிக்கு அடியில் ரப்பர்த் துண்டு வைப்பது, மேல்மூடித் திருகுகளை இறுக்குவது, வேறு அலமாரிக்கு மாற்றுவது ஆகியவைதான் மருந்து. இனி நான் சொல்லப்போகும் எதுவும் அதற்குப் பயன்படாது.

வால்யூம் குமிழிடம் கேளுங்கள்

ஒலி போகும் பாதை ஒற்றையடிப் பாதை. பாட்டைத் தரும் கருவி, அதிலிருந்து ஒயர், ஆம்ப்ளிஃபையரின் இன்புட் தேர்வுச் சுவிட்ச், வால்யூம் குமிழ், அதற்குப் பின்னால் ஸ்பீக்கரை ஓட்டும் பலத்தைத் தரும் பவர் ஆம்ப், கடைசியில் ஸ்பீக்கர். வால்யூம் குமிழ் இந்தப் பாதையின் நடுவில் உட்கார்ந்திருக்கும் சோதனைச்சாவடி. பாட்டை நிறுத்திவிட்டு அதை மெதுவாக மேலும் கீழும் திருப்புங்கள்.

சத்தமும் கூடவே ஏறி இறங்கினால், அது குமிழுக்கு முன்பே பாதைக்குள் நுழைந்துவிட்டது. குமிழை அடியோடு குறைத்தும் அசையாமல் அப்படியே இருந்தால், நுழைவு குமிழுக்குப் பின்னால். முதலாவது என்றால் வெளிக்கருவிகளும் ஒயர்களும் சந்தேக வட்டத்தில். இரண்டாவது என்றால் பவர் ஆம்ப், அதன் பவர் சப்ளை, சப்வூஃபர் (கனத்த ஒலிக்கென்றே உள்ள தனி ஸ்பீக்கர்) இணைப்பு. ஒரே ஒரு திருப்பலில் பாதி வீட்டைத் தேட வேண்டிய அவசியம் போய்விட்டது. இவ்வளவு மலிவான, இவ்வளவு கெட்டிக்காரச் சோதனை வேறு இல்லை என்பது என் கட்சி.

அடுத்து இன்புட் சுவிட்சை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். டிவிக்கு மட்டும் உம்மென்று, மற்றவற்றுக்கு அமைதி என்றால் விஷயம் டிவி பக்கம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி வந்தால் அவசரப்பட்டு ஆம்ப்ளிஃபையரைக் குறை சொல்லாதீர்கள். சில சமயம் ஒரு கருவி தேர்வு செய்யப்படாமலேயே, வெறுமனே பின்னால் செருகியிருப்பதாலேயே, எல்லா இன்புட்டையும் கெடுக்கும். ஆகவே எல்லா ஒயர்களையும் கழற்றிவிட்டு, ஸ்பீக்கர் மட்டும் இருக்க, கேட்டுப் பாருங்கள். அமைதியானால் ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகுங்கள். எதைச் செருகும்போது சத்தம் திரும்புகிறதோ அதுதான் வாசல்.

கழற்றுவதற்கு முன் ஆம்ப்ளிஃபையரை அணைத்துவிடுங்கள், தயவுசெய்து. வட்டமான ஆர்சிஏ பிளக்கை உற்றுப் பாருங்கள்: நடுவில் ஊசி, சுற்றிலும் வளையம். ஊசி வளையத்தைவிட நீளம். செருகும்போது ஊசி முதலில் தொடுகிறது, வளையம் அப்புறம். இடைப்பட்ட அந்தக் கண நேரத்தில் சிக்னலுக்குத் திரும்பும் வழியே கிடையாது; ஊசி வெறும் ஏரியல். ஆம்ப் ஓடிக்கொண்டிருந்தால் முழு பலத்தில் ஒரு உறுமல் ஸ்பீக்கரைத் தாக்கும். பாதி கழன்ற பிளக் பயங்கரமாக உறுமுவதும் இதனால்தான். திடீரென்று ஒருநாள் பெரிய உறுமல் கிளம்பினால், துடைக்கும்போது ஏதாவது பிளக் நழுவியிருக்கிறதா என்று முதலில் பார்ப்பது புத்திசாலித்தனம்.

சத்தம் ஒரு பக்க ஸ்பீக்கரில் மட்டும் என்றால் வேலை இன்னும் சுலபம். ஆம்ப்ளிஃபையரின் பின்னால் இடது, வலது ஆர்சிஏ ஒயர்களை மாற்றிச் செருகுங்கள். சத்தம் எதிர்ப்பக்கம் தாவினால் ஒயர் அல்லது பாட்டுக்கருவி. அசையாமல் அதே பக்கம் நின்றால் ஆம்ப் அல்லது ஸ்பீக்கர்.

கிரவுண்ட் லூப் என்னும் பெரிய தொல்லை

வீடுகளில் கேட்கும் ‘உம்ம்’மில் பெரும்பங்கு இதுதான். கேபிள் டிவி, கணினி, சப்வூஃபர் என்று ஒன்றோடொன்று இணைக்க இணைக்க இது தலைகாட்டும். ஒவ்வொரு கருவியும் தனியாகப் பார்த்தால் நல்ல பிள்ளை. சேர்த்து வைத்தால் சண்டை.

ஆர்சிஏ ஒயருக்குள் இரண்டு கடத்திகள். நடுக்கம்பி ஒலியைக் கொண்டு போகிறது. சுற்றியிருக்கும் வலை ஷீல்டு. அந்த ஷீல்டுக்கு இரட்டை வேலை: ஒலி மின்னோட்டம் திரும்பி வரும் வழியும் அதுதான், ‘இதுதான் சுழி’ என்று இரண்டு பெட்டிகளும் ஒப்புக்கொள்ளும் அளவுகோலும் அதுதான். இரண்டு படகுகளில் இரண்டு பேர் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவர் கையை உயர்த்தி உயரம் காட்டுகிறார். மற்றவர் தன் படகின் தரையிலிருந்து அதை அளக்கிறார். படகுகள் சேர்ந்து ஏறி இறங்கினால் பிரச்சினை இல்லை. ஒன்று மட்டும் நொடிக்கு 50 முறை ஆடினால், காட்டியவர் கையை அசைக்காவிட்டாலும் அளப்பவருக்கு உயரம் மாறிக்கொண்டே இருக்கும். ஆம்ப்ளிஃபையர் அந்த ஆட்டத்தையும் பாட்டு என்றே நம்பிப் பெருக்கிவிடுகிறது.

படகு ஏன் ஆடுகிறது? இரண்டு கருவிகளும் தத்தம் பிளக் வழியாகத் தனித்தனியே எர்த்தில் இணைந்திருக்கின்றன. ஆர்சிஏ ஷீல்டு வழியாகவும் ஒன்றோடொன்று இணைந்திருக்கின்றன. ஆக எர்த் வழியாக ஒரு முழு வளையம் உருவாகிவிட்டது; கிரவுண்ட் லூப் என்பது இதுதான். அந்த வளையத்தில் சிறு மின்னோட்டம் சுற்றத் தொடங்கும். ஷீல்டின் மின்தடை 0.1 ஓம், சுற்றும் மின்னோட்டம் 10 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால் ஷீல்டின் இரு முனைகளுக்கிடையே 1 மில்லிவோல்ட் வித்தியாசம். கேட்பதற்கு ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் வீட்டுக் கருவிகளின் வழக்கமான ஒலி சிக்னலே சுமார் 0.3 வோல்ட்தான். அதில் முந்நூறில் ஒரு பங்கு. டெசிபல் கணக்கில் 50 டெசிபல் கீழே. அமைதியான அறையில் தாராளமாகக் கேட்கும்.

என் இரண்டு மாதக் கதையை இங்கே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும் கழற்றினேன், அமைதி. சிடி பிளேயரைச் செருகினேன், அமைதி. டிவியிலிருந்து வரும் ஒயரைச் செருகினேன், ‘உம்ம்’. சரி, டிவிதான் என்று முடிவு செய்து அதன் மின்சார பிளக்கைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். உம்ம் அப்படியே இருந்தது. கரண்ட்டே இல்லாத டிவி எப்படி உறும முடியும்? அந்த இடத்தில்தான் குழம்பிப்போய் ஒயர் வாங்கக் கிளம்பினேன். டிவியின் பிளக் வளையத்தில் சேரவே இல்லை என்பது அப்போது புரியவில்லை. டிவிக்குப் பின்னால் திருகியிருந்த கேபிள் இணைப்பின் வெளி வலை வீட்டுக்கு வெளியே வேறொரு இடத்தில் எர்த் செய்யப்பட்டிருந்தது. அங்கிருந்து டிவியின் உலோகச் சட்டம், அதிலிருந்து ஆர்சிஏ ஷீல்டு, ஆம்ப்ளிஃபையர், அதன் எர்த் என்று வளையம் முழுமையாகிவிட்டது. டிவி அதில் வெறும் பாலம். கடைசியில் ஒருநாள் அந்தக் கேபிளை இரண்டு சுற்றுத் திருகிக் கழற்றினேன். மூன்றாவது சுற்றில், யாரோ வாயைப் பொத்தியது மாதிரி அமைதி.

ஆகவே மின்சார பிளக்கை மட்டும் சந்தேகிக்காதீர்கள். ஆண்டெனா, கேபிள் டிவி, கணினித் திரைக்குப் போகும் எச்டிஎம்ஐ, வெளி உறையுள்ள நெட்வொர்க் கேபிள் என்று உலோகத்தால் தொடும் எதுவும் வளையத்தில் ஒரு கண்ணி ஆகலாம்.

தீர்வுகளில் காசு செலவில்லாதது முதலில். இசைக் கருவிகள் அனைத்தையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகுங்கள். அது தாங்கும் அளவுக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எர்த் பாதைகள் குட்டையாகி, ஒரே இடத்தில் சேர்வதால் வளையம் சுருங்கும். பல வீடுகளில் இதோடு கதை முடிந்துவிடும்.

முடியாவிட்டால் உலோகத் தொடர்பையே அறுக்க வேண்டும். டிவியிலும் ஆம்ப்ளிஃபையரிலும் ஆப்டிகல் துளை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். தோஷிபா 1983இல் கொண்டுவந்த அந்த டாஸ்லிங்க் இணைப்பில் போவது மின்சாரம் அல்ல, சிவப்பு வெளிச்சம். பிளாஸ்டிக் இழை எர்த்தைக் கடத்தாது. வளையம் அங்கேயே அறுந்தது. ஆப்டிகல் இல்லாத இடத்தில் ஆர்சிஏ ஒயருக்கு நடுவே செருகும் ஐசொலேஷன் ட்ரான்ஸ்ஃபார்மர் கிடைக்கிறது. ஒலி அதில் காந்தப்புலமாக மாறித் தாண்டுகிறது, ஷீல்டு தாண்டுவதில்லை. மலிவானவற்றில் இரும்பு உள்ளகம் சின்னதாக இருப்பதால் கனத்த பேஸ் ஒலி மழுங்கும். டிவி வசனத்துக்கு அது போதும், இசைக்கு நல்லதாகப் பாருங்கள். கேபிள் டிவி வழி வளையத்துக்கு அந்தக் கேபிளிலேயே பொருத்தும் ஐசொலேட்டர் உண்டு. ஆனால் டிஷ் இணைப்பில் அதைப் பொருத்துமுன் யோசியுங்கள்: கூரையில் இருக்கும் தலைக்கருவிக்கு மின்சாரம் அந்தக் கேபிள் வழியாகத்தான் போகிறது; ஐசொலேட்டர் அதையும் தடுத்தால் படமே வராது. அங்கே ஒலி ஒயரை ஆப்டிகலாக மாற்றுவதுதான் நல்லது.

ஸ்டுடியோக்களில் இந்தத் தலைவலியைப் பேலன்ஸ்டு ஒயரால் சமாளிக்கிறார்கள். ஒரே ஒலியை இரண்டு கம்பிகளில், ஒன்றில் நேராகவும் மற்றதில் தலைகீழாகவும் அனுப்பி, மறுமுனையில் இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். வழியில் ஒட்டிய உறுமல் இரண்டு கம்பியிலும் ஒரே மாதிரி இருப்பதால் கழித்தலில் காணாமல் போகிறது. இரு முனைகளிலும் அந்த வசதி இருந்தால் நீங்களும் பயன்படுத்தலாம்.

இணையத்தில் உலவும் ஒரு யோசனையை மட்டும் தொடவே தொடாதீர்கள்: பிளக்கின் எர்த் ஊசியை உடைப்பது, அதில் டேப் ஒட்டுவது, எர்த் இல்லாத அடாப்டர் போடுவது. உறுமல் நிற்கும், உண்மைதான். ஆனால் என்றாவது உள்ளே லைவ் கம்பி நழுவி உலோகப் பெட்டியைத் தொட்டால், ஃப்யூஸைப் போக வைப்பது அந்த எர்த்தான். அது இல்லையென்றால் பெட்டி முழுக்க மின்சாரம் நின்றுகொண்டிருக்கும். அதோடு போகாது, ஆர்சிஏ ஷீல்டு வழியாக மற்றப் பெட்டிகளின் உலோகத்துக்கும் பரவும். ஒரு உம்முக்காக உயிரைப் பணயம் வைக்க வேண்டாம்.

இதற்கு நேர் எதிரான நோயும் ஒன்று உண்டு. உலோகப் பெட்டியையோ பிளக்கின் வளையத்தையோ கையால் தொட்டதும் உறுமல் குறைகிறதென்றால், எர்த் தேவைக்கு அதிகமாக இல்லை, எங்கோ அறுந்திருக்கிறது. ஷீல்டு உடைந்த ஒயர், எர்த்தே இல்லாத சுவர்ச் சாக்கெட் ஆகியவற்றைப் பாருங்கள். சாக்கெட்டில் சந்தேகம் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அது ஒலிப் பிரச்சினை மட்டும் அல்ல.

இசைத்தட்டு வைத்திருப்பவர்களுக்கு

டர்ன்டேபிளுக்குத் தனி நியாயம். ஊசித்தலையிலிருந்து வரும் சிக்னல், மூவிங் மேக்னட் வகை என்றால் சுமார் 5 மில்லிவோல்ட். மூவிங் காயில் என்றால் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூடத் தேறாது. முதலாவதை ஃபோனோ ப்ரீஆம்ப், அதாவது இசைத்தட்டுச் சிக்னலுக்கென்றே உள்ள முன்பெருக்கி, சுமார் 100 மடங்கு பெருக்குகிறது. அதோடு நிற்பதில்லை. இசைத்தட்டில் பேஸ் ஒலியைக் குறைத்துத்தான் வெட்டியிருப்பார்கள், இல்லாவிட்டால் பள்ளங்கள் அகண்டு பக்கத்துப் பள்ளத்தில் இடித்துக்கொள்ளும். அந்தக் குறையை ஈடுகட்ட ப்ரீஆம்ப் கீழ்ச் சுருதிகளைத் தூக்கிக் கொடுக்கிறது. ஆர்ஐஏஏ என்ற இந்த அளவுமுறை 1954இலிருந்து பொதுவழக்கு. 50 ஹெர்ட்ஸில் அந்தத் தூக்கல் சுமார் 17 டெசிபல், அதாவது ஏழு மடங்கு. கணக்குப் போட்டுப் பாருங்கள்: உள்ளே கசியும் உறுமலுக்கு 700 மடங்கு ராஜமரியாதை!

அதனால்தான் டர்ன்டேபிளிலிருந்து தனியாக ஒரு மெல்லிய ஒயர், முனையில் கொக்கி போன்ற உலோகத் துண்டோடு, தொங்கிக்கொண்டிருக்கும். அதை ப்ரீஆம்ப்பின் பின்னால் இருக்கும் சின்னத் திருகில் மாட்ட வேண்டும். மாட்டாமல் விட்டவர்கள்தான் ‘டர்ன்டேபிள் உறுமுகிறது’ என்று முறையிடுபவர்களில் பாதிப் பேர். மாட்டியும் போகவில்லையென்றால் டர்ன்டேபிளை ஆம்ப்ளிஃபையரிலிருந்து தள்ளி வையுங்கள்; ஊசித்தலைக்குள் இருக்கும் கம்பிச்சுருள் பக்கத்து ட்ரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை அப்படியே உறிஞ்சும். கையால் பெட்டியை ஒரு சாண் நகர்த்தும்போதே வித்தியாசம் தெரியும். எதுவும் செருகாத ஃபோனோ இன்புட் உறுமுவது சகஜம், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

வால்யூமைக் கூட்டும்போது மட்டும் ஒரு கனத்த முழக்கம் கிளம்பி, தானாகவே வளர்ந்துகொண்டே போனால் அது மின்சாரக் கோளாறே அல்ல. ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்குப் போய், ஊசியிலிருந்து மறுபடி ஸ்பீக்கருக்கு வந்து சுற்றுகிறது. இரண்டையும் ஒரே மேசையில் வைக்காதீர்கள்.

உஸ்ஸ்

இதற்கு முழு மருந்து கிடையாது. எந்த மின்தடைக்குள்ளும் எலக்ட்ரான்கள் வெப்பத்தால் ஓயாமல் ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆட்டமே ஒரு நுண்ணிய மின்னழுத்தம். பெல் ஆய்வகத்தில் ஜான் ஜான்சன் அதை அளந்தார், ஹாரி நைக்விஸ்ட் காரணம் சொன்னார். இரண்டு கட்டுரைகளும் 1928இல் வெளிவந்தன. பெருக்கினால் அதுவும் பெருகும். உயர் சுருதிக்கான ட்வீட்டரில் காதை வைத்தால் மெல்லிய உஸ் கேட்பது இயல்பு. உட்கார்ந்து கேட்கும் இடத்தில் கேட்டால்தான் கவலை.

அப்படிக் கேட்பதற்கு அடிக்கடி காரணம் நாமேதான். தொலைபேசியிலோ கணினியிலோ வால்யூமைப் பாதியில் வைத்துவிட்டு ஆம்ப்ளிஃபையரை முறுக்கி ஏற்றுகிறோம். பலவீனமான சிக்னலோடு சேர்த்து உஸ்ஸையும் தூக்கிவிடுகிறோம். தலைகீழாக்குங்கள்: பாட்டுக்கருவியில் ஒலி உடையாத அளவுக்கு உயர்த்தி, ஆம்ப்பில் குறையுங்கள். உள்ளேயே ஆம்ப் உள்ள ஆக்டிவ் ஸ்பீக்கர்களில் பின்னால் பெருக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் கெயின் குமிழ் ஒன்று இருக்கும், அதற்கும் இதே விதி. குமிழ் எங்கிருந்தாலும் மாறாத உஸ் என்றால் பவர் ஆம்ப்பின் குணம். திறன்மிக்க ஸ்பீக்கர், கொஞ்ச மின்சாரத்துக்கே நிறைய ஒலி தருவது, அதை இன்னும் வெளிச்சம் போட்டுக் காட்டும். ஒரு பக்கம் மட்டும் உஸ் அதிகம் என்றால் ஏதோ பாகம் பழுதாகிறது.

கரகர

வால்யூம் குமிழைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால் உள்ளே தூசி. மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு, குமிழைக் கோடியிலிருந்து கோடிக்கு முப்பது தடவை திருப்புங்கள். பாதிக் கேஸ்கள் இதிலேயே தெளிந்துவிடும். போகவில்லையென்றால் மின் தொடுப்புகளுக்கென்றே உள்ள கான்டாக்ட் கிளீனர். கதவுக் கீலுக்கு அடிக்கும் எண்ணெய் வேண்டாம், அது தூசியைக் கூட்டிச் சேர்க்கும். சுத்தம் செய்தும் சில நாளில் கரகர திரும்பினால், கெட்டுப்போன கெபாசிட்டர் (மின்சாரத்தைத் தேக்கும் பாகம்) வழியாக நேர்மின்னோட்டம் குமிழுக்குக் கசிகிறதோ என்று பழுதுபார்ப்பவர் பார்க்க வேண்டும்.

குமிழைத் தொடாமலே சடசடத்தால், குறைந்த ஒலியில் பாட்டை ஓடவிட்டு ஒவ்வொரு ஒயரையும் லேசாக ஆட்டிப் பாருங்கள். எதை ஆட்டும்போது தடுமாறுகிறதோ அதைக் கவனியுங்கள். ஸ்பீக்கர் ஒயரின் முனையில் ஓர் இழை பிரிந்து பக்கத்து முனையைத் தொட்டுக்கொண்டிருந்தால் உடனே சரிசெய்யுங்கள். அது ஆம்ப்ளிஃபையரின் உயிருக்கே ஆபத்து.

வெளியிலிருந்து வரும் விருந்தாளிகள்

பழைய 2ஜி தொலைபேசி பக்கத்தில் இருந்தால், அழைப்பு வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் ‘டிட்டிட் டிட்டிட்’ என்று கட்டியம் கூறும். அந்தத் தொலைபேசி நொடிக்கு 217 முறை ரேடியோ அலையைப் பீய்ச்சி நிறுத்துகிறது. அந்தத் தாளத்தைத்தான் ஆம்ப் கேட்டுவிடுகிறது. தொலைபேசியை ஒரு கை தூரம் தள்ளி வைத்தாலே தீரும். விளக்கின் வெளிச்சத்தைக் குறைக்கும் டிம்மர் இன்னொரு வில்லன்: அது ஒவ்வொரு மின்னலையையும் பாதியில் வெட்டுகிறது, வெட்டிய விளிம்பு ‘ஜ்ர்ர்’ என்று ஸ்பீக்கரில் கேட்கும். டிம்மரை முழுதாக ஏற்றியோ அணைத்தோ பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

கணினியின் கீய்ச்சல் பெரும்பாலும் யுஎஸ்பி வழியாக வருகிறது. யுஎஸ்பி தன் தரவை மில்லிநொடிக்கு ஒருமுறை பொட்டலம் கட்டி அனுப்புவது வழக்கம். மில்லிநொடிக்கு ஒன்று என்றால் 1000 ஹெர்ட்ஸ், காதுக்கு நன்றாகக் கேட்கும் சுருதி. மடிக்கணினி என்றால் சார்ஜரைக் கழற்றிப் பேட்டரியில் ஓட்டிப் பாருங்கள். சத்தம் நின்றால் மறுபடி நம் பழைய கிரவுண்ட் லூப்தான், சார்ஜர் வழியாக. ஆப்டிகலோ ஐசொலேட்டரோ போடுங்கள்.

பாட்டு ஓடும்போது மட்டும், அதுவும் குறிப்பிட்ட சுருதியில் மட்டும் ‘டர்ர்’ என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு அறையைப் பாருங்கள். அதே செயலியில் 20இலிருந்து 200 ஹெர்ட்ஸ் வரை மெதுவாக ஏற்றுங்கள். டர்ர் வந்ததும் அங்கேயே நிறுத்தி, அறையைச் சுற்றி நடந்து, சன்னல் கண்ணாடி, படச் சட்டம், அலமாரிக் கதவு ஒவ்வொன்றையும் உள்ளங்கையால் அழுத்துங்கள். ஒரு வாரம் நான் ஸ்பீக்கர் கிழிந்துவிட்டதாகத் துக்கப்பட்டேன். குற்றவாளி, ஸ்பீக்கர் மேல் வைத்து மறந்துபோன ஒரு நாணயம்.

எப்போது கையை எடுக்க வேண்டும்

எல்லா ஒயரையும் கழற்றியும், குமிழைச் சுழியில் வைத்தும், இரண்டு ஸ்பீக்கரிலும் 100 ஹெர்ட்ஸ் உறுமல் இருந்தால் பவர் சப்ளையின் பெரிய கெபாசிட்டர்கள் வறண்டிருக்கலாம். வயதான ஆம்ப்களில் இது சகஜம். மாற்றலாம், ஆனால் நீங்கள் அல்ல: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அவை மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும், வால்வு ஆம்ப் என்றால் நூற்றுக்கணக்கான வோல்ட். ஆம்ப்பைப் போட்டதும் ‘தொம்’ என்று ஒலித்து வூஃபரின் (கீழ்ச் சுருதிக்கான பெரிய ஸ்பீக்கர்) கூம்பு முன்னாலோ பின்னாலோ தள்ளப்பட்டு அப்படியே நின்றால் ஒரு நொடிகூடத் தாமதிக்காமல் அணையுங்கள். நேர்மின்னோட்டம் ஸ்பீக்கருக்குள் பாய்கிறது; சற்று நேரத்தில் கம்பிச்சுருள் கருகிவிடும்.

பழுதுபார்ப்பவரிடம் கொண்டு போகும்போது செய்த சோதனைகளை ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். ‘சத்தம் வருது’ என்பதற்குப் பதிலாக, ‘இடது பக்கம் மட்டும், எல்லா இன்புட்டும் கழற்றிய பிறகும், வால்யூம் மாற்றினாலும் மாறவில்லை, ஸ்பீக்கர் ஒயரை மாற்றினால் சத்தம் வலது ஸ்பீக்கருக்குப் போகிறது’ என்று எழுதியிருந்தால், மூடியைத் திறப்பதற்கு முன்பே கோளாறு இடது பக்க பவர் ஆம்ப்பில் என்று அவருக்குத் தெரிந்துவிடும்.